பாசியைக் கொல்லப் போய் மீனைக் கொன்ற கதை: ஒரு மீன்தொட்டியின் கணக்கு

காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட் எடுக்க எழுந்தவன் ஹாலில் மீன்தொட்டியைப் பார்த்தேன். எல்லா மீனும் மேலே இருந்தது. தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆறு நியான் டெட்ராவும் இரண்டு பிளாட்டியும் செத்து மிதந்தன. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் பாசியை ஒழிக்கும் மருந்து என்று கடையில் கொடுத்த பாட்டிலைத் திறந்து, லேபிளில் போட்டிருந்த அளவு ஊற்றிவிட்டுப் படுத்திருந்தேன்.

தொட்டி என் மகளுடையது. ஏழாவது படிக்கிறாள். எழுந்து வந்து பார்த்தவள் அழவில்லை. "அப்பா, அது பாசியைக் கொல்ற மருந்துன்னுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் கோடு எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் எங்கள் வேலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து "போஸ்ட்மார்ட்டம்" எழுதுவோம். யாரைத் திட்டலாம் என்பதற்காக இல்லை, என்ன நடந்தது, ஏன் நடந்தது, திரும்ப நடக்காமல் இருக்க என்ன மாற்றணும் என்பதற்காக. இது அந்த மாதிரி ஒன்று. ஆறு மாசம் படித்ததும், அளந்ததும், தப்புப் பண்ணித் திருத்திக்கொண்டதும் இதில் இருக்கு. வீட்டில் நன்னீர் மீன்தொட்டி வைத்து, பாசியோடு மல்லுக்கட்டும் யாருக்காவது உதவும்.

முதலில், மீன்கள் ஏன் செத்தன?

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கிட்டத்தட்ட 100 லிட்டர். கடைக்காரர்கள் "கம்யூனிட்டி டேங்க்" என்று சொல்வது, அதாவது சண்டை போடாத பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டி. பத்து நியான் டெட்ரா, நாலு பிளாட்டி, ஆறு கோரிடோராஸ், இரண்டு ஹனி கௌராமி.

செத்தது யார், பிழைத்தது யார் என்று எழுதிப் பார்த்தபோதுதான் துப்பு கிடைத்தது. கௌராமி இரண்டும் பிழைத்தன. கோரிடோராஸ் ஆறும் பிழைத்தன. கௌராமிக்குத் தலையில் ஒரு தனி உறுப்பு இருக்கு, மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். கோரிடோராஸும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். டெட்ராவுக்கும் பிளாட்டிக்கும் அந்த வசதி கிடையாது. தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும்தான் நம்பி வாழணும். காற்றைக் குடிக்கத் தெரிந்தவை பிழைத்தன, தெரியாதவை செத்தன. அதனால் முதல் சந்தேகம் மருந்தின் விஷம் மேல் இல்லை, ஆக்சிஜன் மேல்.

ஏன் ஆக்சிஜன் இறங்கியது? அது ஏப்ரல் மாசம், சென்னை. தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5தான். ராத்திரியில் செடியும் பாசியும் ஆக்சிஜன் தயாரிக்காது, அவையும் சுவாசிக்கும். அதனால் எந்தத் தொட்டியிலும் விடியற்காலைதான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். இதற்கு மேல் நான் ஊற்றிய மருந்தில் தொட்டி நிறைய இருந்த பாசி மொத்தமாகச் செத்தது. செத்த பாசியைப் பாக்டீரியா அழுக வைக்கும்போது அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். என் ஃபில்டர் தண்ணீரின் மேல்மட்டத்தை அசைக்காமல் அமைதியாக ஓடும்படி வைத்திருந்தேன், சத்தம் கேட்கக்கூடாதாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த ஒரே கதவையும் நானே சாத்திவிட்டேன்.

அன்று மாலை அம்மோனியா அளந்தேன், 1 பிபிஎம் காட்டியது. அழுகிய பாசியிலிருந்து வந்தது. அம்மோனியா எல்லாமே ஒரே விஷம் கிடையாது. தண்ணீரின் பிஹெச் அதிகமானால் விஷமான வடிவம் அதிகமாகும். பிஹெச் 7, வெப்பம் 30 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவத்தில் இருக்காது. அதே பிஹெச் 8 ஆனால் ஏழரை சதவீதம். எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர், பிஹெச் 8. அன்றே பாதித் தண்ணீரை மாற்றவில்லை என்றால் மீதியும் போயிருக்கும்.

ஆக, மருந்து சொன்ன வேலையைச் செய்தது. அது செய்த வேகம்தான் மீனைக் கொன்றது. மகள் கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில். மீதிப் பாதி, அவ்வளவு பாசி அங்கே ஏன் இருந்தது என்பதில் இருக்கு.

கனடாவில் ஒரு ஏரி

இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பாஸ்பேட், நைட்ரேட்டைக் குறை, பாசி போய்விடும்." இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஏரிகளில் போய் நிற்கும்.

1960களில் வட அமெரிக்காவின் ஏரிகள் பச்சையாக மாறிக்கொண்டிருந்தன. துணி சோப்புத் தூளில் இருக்கும் பாஸ்பேட்தான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. இல்லை, கார்பன்தான் காரணம் என்று சோப்பு உற்பத்தியாளர்கள் தரப்பு வாதிட்டது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி 1973ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட ஒரு சின்ன ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அதே இரண்டோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேல் என்றானது, மறு பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் சூழலியல் பாடத்தில் மிகப் பிரபலம். சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு இந்த ஆய்வுகள் பெரிய வலு சேர்த்தன.

ஏரிக்கு அது சரியான பதில். அதைத் தொட்டிக்கு அப்படியே எடுத்து வந்ததில்தான் குழப்பம்.

என் தொட்டியின் கணக்கு

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் பாஸ்பரஸ் எங்கிருந்து வருது? முக்கியமாக மீன் உணவிலிருந்து. உணவில் பாஸ்பரஸ் சுமார் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் மகள் காலையிலும் மாலையிலும் போட்டாள். நடுவில், மத்தியானம், "பாவம், பசிக்குமே" என்று என் அம்மாவும் போட்டிருக்கிறார்கள். இது இரண்டு பேருக்கும் தெரியாது. பூட்டே இல்லாமல் ஒரே ஃபைலில் இரண்டு பேர் எழுதின கதை. சமையலறைத் தராசில் ஒரு சிட்டிகையை எடை போட முடியாது, அதனால் இருபது சிட்டிகையை ஒன்றாகப் போட்டு வகுத்தேன். மொத்தம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 கிராம்.

1 கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். 100 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஒரே நாளில்! ஏரிகளைப் பற்றி எழுதுபவர்கள் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் தாண்டினாலே "சத்து மிகுந்த ஏரி, பாசி பெருகும்" என்ற வகையில் சேர்ப்பார்கள். அந்த எல்லையைப் போல மூணு மடங்கை என் வீட்டு மீன்கள் தினமும் சாப்பாடாக வாங்கிக்கொண்டிருந்தன. உணவைப் பாதியாகக் குறைத்தாலும் 50. மீனின் உடம்பில் ஒரு பங்கு தங்கினாலும் மீதி தினம் சேர்ந்துகொண்டே போகும்.

இதன் அர்த்தம்: மீன் இருக்கும் தொட்டியில் பாசியைப் பட்டினி போட முடியாது. மீனைப் பட்டினி போட்டால்தான் பாசி பட்டினி கிடக்கும்.

இதை மீன்தொட்டி உலகத்தில் ஏற்கனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1996ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை ரொம்ப நாள் வேதமாக இருந்தது. செடிக்கு மற்ற எல்லாச் சத்தும் கொடுத்து, பாஸ்பேட்டை மட்டும் பற்றாக்குறையில் வைத்தால் செடி ஜெயிக்கும், பாசி தோற்கும் என்பது அவர்கள் வாதம். பிறகு டாம் பார் போன்றவர்கள், செடி நன்றாக வளரும் தொட்டியில் வேண்டுமென்றே பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாசி வெடித்துக் கிளம்பவில்லை. செடிதான் இன்னும் நன்றாக வளர்ந்தது. சத்து அதிகம் இருப்பது மட்டுமே பாசிக்குக் காரணம் என்ற வாதம் அங்கே உடைந்தது.

அப்படியென்றால் தண்ணீர் மாற்றுவது வீணா? இல்லை. அது பாசிக்காக இல்லை, மீனுக்காக. இதற்கும் ஒரு கணக்கு இருக்கு. மீன் உணவில் புரதம் சுமார் 45 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். மீன் கால்வாசியை உடம்பில் வைத்துக்கொண்டு மீதியை வெளியேற்றினால், 1 கிராம் உணவுக்கு என் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு சுமார் 17 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் கடைசியில் எங்கே போய் நிற்கும்? சேர்வதை மாற்றும் விகிதத்தால் வகுத்தால் போதும். 17 ஐ 0.1 ஆல் வகுத்தால் 170. நான் வாரம் ஒரு பக்கெட்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். உணவைப் பாதியாக்கி, வாரம் 40 சதவீதம் மாற்றினால் 8.5 ஐ 0.4 ஆல் வகுக்கணும், 21. செடி இழுப்பது போக இன்னும் குறையும். இந்த ஒரு வரிச் சூத்திரம் கையில் இருந்தால் எவ்வளவு தண்ணீர் மாற்றணும் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

அப்போ கடிவாளம் எங்கே?

சத்து தாராளமாக இருக்கும் இடத்தில் வளர்ச்சியின் வேகத்தை ஒளிதான் முடிவு செய்யும். என் தொட்டியில் விளக்கு காலை ஆறரைக்கு மகள் எழுந்ததும் எரியும், ராத்திரி ஒன்பதரைக்கு அவள் படுக்கும்போது அணையும். பதினைந்து மணி நேரம். அது போதாதென்று தொட்டி பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் நேர் வெயில் பின்பக்கக் கண்ணாடியில் விழும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். வீட்டு அறையின் வெளிச்சம் சில நூறுதான். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமன் செய்து காட்டிவிடும், பாசி ஏமாறாது.

"வெளிச்சம் அதிகம் இருந்தால் செடியும்தானே நன்றாக வளரும்?" என்று நானும் யோசித்தேன். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி.

செடிக்கு ஒளி முடுக்கி மாதிரி. கார்பன் டை ஆக்சைடு பெட்ரோல். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் சுமார்தான். மீனும் பாக்டீரியாவும் சுவாசிப்பதால் தொட்டியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. அதைவிடப் பெரிய சிக்கல், தண்ணீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையை ஒட்டி அசையாத ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். அதைத் தாண்டி வாயு உள்ளே வந்து சேருவதற்குள் இலை காய்ந்த வண்டிதான். பாசியோ நூல் மாதிரி, புள்ளி மாதிரி சின்னது. அதைச் சுற்றி அந்தப் படலம் மெலிசு, உடம்பின் அளவோடு பார்த்தால் மேற்பரப்பு ரொம்ப அதிகம். கிடைக்கிற கொஞ்சத்தையும் அது அள்ளிக்கொள்ளும்.

அதனால் ஒளியை மட்டும் ஏற்றினால் செடிக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியாது. மிச்ச ஒளி பாசிக்குப் போகும். தளர்ந்துபோன இலைமேலேயே பாசி வந்து உட்காரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்காத நம் மாதிரித் தொட்டிகளுக்கு மிதமான ஒளி, ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும்.

இதைச் சுற்றிப்போக இன்னொரு வழியும் இருக்கு. இலையைக் காற்றில் வைத்துக்கொண்டு வேரை மட்டும் தண்ணீரில் விடும் செடிகள். அவற்றுக்குக் கார்பன் காற்றிலிருந்து கிடைக்கும், சத்து தொட்டியிலிருந்து கிடைக்கும். டயானா வால்ஸ்டட் 1999ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மிதக்கும் செடிகளுக்கு இந்தச் சாதகம் இருக்கு, அதோடு மேலே குடை மாதிரி நிழலும் கொடுக்கும். நீர்ச் செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதும் அவர் வலியுறுத்தும் விஷயம். அதாவது செடி, ஃபில்டருக்குப் போட்டியாக வேலை செய்யும் இன்னொரு ஃபில்டர்.

ஏரி ஆய்வாளர்கள் இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து கண்டார்கள். மார்ட்டன் ஷெஃபரும் அவருடைய சகாக்களும் 1993ல் எழுதியது: ஆழம் குறைந்த ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு. செடி நிறைந்த தெளிந்த நிலை, பாசி நிறைந்த கலங்கிய நிலை. ஒரே அளவு சத்திலேயே இரண்டும் சாத்தியம். எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே தன்னைத் தக்கவைத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மேட்டைத் தாண்டணும். என் தொட்டி பாசி நிலையில் உட்கார்ந்திருந்தது. மருந்து பாசியைக் கொன்றது, ஆனால் அந்தக் காலி இடத்தில் குடியேறச் செடி இல்லை. மருந்து ஊற்றி மூணே வாரத்தில் கண்ணாடி திரும்பப் பச்சையானதற்குக் காரணம் இதுதான்.

நான் செய்தது

ஒரே நாளில் எல்லாத்தையும் மாற்றவில்லை. எது வேலை செய்தது என்று தெரியணும், மீனுக்கும் அதிர்ச்சி வரக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக.

முதல் வாரம்: ஏர் பம்ப் வாங்கி 24 மணி நேரமும் ஓடவிட்டேன். சத்தம் பழகிவிட்டது. விளக்குக்கு டைமர், மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி எட்டரை வரை, ஆறரை மணி நேரம். தொட்டியின் பின்பக்கத்தில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினேன், வெயில் நின்றது. மீன் உணவு டப்பாவை மகளிடம் கொடுத்து, "இனிமே நீ மட்டும்தான், காலையில ஒரு தடவை" என்றேன். அம்மாவுக்குத்தான் சமாதானம் சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு போதும் என்று காட்டினேன்.

இரண்டாம் வாரம்: செடிகள். கொளத்தூர் மீன் கடைகளில் மலிவாகக் கிடைப்பதையே வாங்கினேன். வேகமாக வளரும் ஹைக்ரோஃபிலா, வேர் ஊன்றத் தேவையில்லாத ஹார்ன்வோர்ட், நாடா மாதிரி நீளும் வாலிஸ்நேரியா. மேலே மிதக்க ஒரு கை அளவு பிஸ்டியா. வீட்டில் பாட்டிலில் இருந்த மணி பிளாண்டின் இரண்டு தண்டை வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி தொட்டியின் ஓரத்தில் சொருகினேன். இதுவரை செய்ததில் செலவே இல்லாமல் அதிகம் பலன் தந்தது இந்த மணி பிளாண்ட்தான் என்று நினைக்கிறேன். செடியைக் கஞ்சத்தனமாக இரண்டு கொத்து வைக்காதீங்க. தரையில் பாதிக்கு மேல் மறையணும்.

ஒவ்வொரு ஞாயிறும் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம். மெட்ரோ தண்ணீர் கலந்தால் குளோரின் நீக்கும் மருந்து போட்டுத்தான். தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைச் சுரண்டி, நூல் பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிடுவேன். அப்போதுதான் சுரண்டினது குழாய் வழியாக வெளியே போகும். பாசி என்பது சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் மூட்டை. மருந்தில் கொன்றால் மூட்டை உள்ளேயே அவிழும், கையால் எடுத்தால் மூட்டையோடு வெளியே போகும். தொட்டி எதற்கும் இந்த வேறுபாடு முக்கியம்.

மூணாம் வாரம் கண்ணாடி முழுக்கப் பச்சைத் தூசி. நொந்துபோனேன். மருந்து பாட்டில் அலமாரியில் இன்னும் பாதி இருந்தது. உண்மையைச் சொன்னால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன வேதிப்பொருள் என்று லேபிளில் எங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் அதைத் தூக்கிப் போட்டேன்.

ஐந்தாம் வாரம் ஹைக்ரோஃபிலா தண்ணீர் மட்டத்தைத் தொட்டது, வெட்டி நட்டேன். நூல் பாசி புதிதாக வருவது நின்றது. எட்டாம் வாரம் நைட்ரேட் 20. ஆரம்பத்தில் 40க்கும் 80க்கும் நடுவில் எது என்று பிரிக்க முடியாத சிவப்பு. கணக்குப் போட்டது கிட்டத்தட்ட சரியாக வந்தபோது ஒரு டெஸ்ட் கேஸ் பாஸான சந்தோஷம்.

எந்தப் பாசி, என்ன வழி

நாம் "பாசி" என்று ஒரே வார்த்தையில் சொல்வதில் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத பல உயிர்கள் இருக்கு. வழியும் அதனால் மாறும்.

பழுப்புத் தூள்: புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும். டயட்டம் என்ற வகை, சிலிக்காவில் ஓடு கட்டும். விரலால் துடைத்தாலே போகும். தொட்டி பழகினதும் பெரும்பாலும் தானே மறையும். பயப்பட வேண்டாம்.

கண்ணாடியில் அழுத்தமான பச்சைப் புள்ளி: பிளேடு அல்லது பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டணும். பாஸ்பேட் ரொம்பக் குறைந்த தொட்டியிலும் இது வரும் என்பது அனுபவஸ்தர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. பட்டினி வைத்தியத்துக்கு நேர் எதிர்!

தண்ணீரே பச்சை: ஒரு செல் பாசி, மிதப்பது. தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது, மிச்சமிருப்பது பெருகிவிடும். மூணு நாள் முழு இருட்டு, அல்லது யுவி விளக்கு உள்ள ஃபில்டர்.

கறுப்புத் தாடி: இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் குச்சம் மாதிரி. பார்க்கக் கறுப்பு, ஆனால் சிவப்புப் பாசி வகை. ஆல்கஹாலில் போட்டால் சிவக்கும். பிடித்த இலையை வெட்டிவிடுவதே நல்லது. கல், கட்டை என்றால் வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, சில நிமிஷம் விட்டுக் கழுவி வைக்கலாம்.

நீலப்பச்சைப் போர்வை: வழவழப்பாகத் தாள் மாதிரி உரியும், ஒரு கெட்ட மண் வாடை வரும். இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நீரோட்டம் இல்லாத மூலையில், கழிவு சேரும் இடத்தில் வரும். முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூணு நாள் இருட்டு. ஆன்டிபயாடிக் போட்டால் போகும் என்பார்கள், போகும்தான். ஆனால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் ஆபத்தில் மாட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்ப்போம். வேண்டாம்.

இருட்டு வைத்தியம் எதுவானாலும் முன்னாடியே முடிந்தவரை பாசியைக் கையால் எடுத்துவிடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், முடிந்ததும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். இல்லையென்றால் என் ஏப்ரல் ராத்திரிதான் மறுபடியும்.

"பாசி தின்கிற மீன் ஒண்ணு விடுங்க சார்"

எல்லாக் கடையிலும் இதைச் சொல்வார்கள், ஒரு சக்கர் மீனைக் கவரில் போட்டும் கொடுப்பார்கள். இரண்டு இஞ்சுக் குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும். ஆனால் அது ஒன்றரை அடி வளரும் மீன். வளர வளர மீன் உணவுக்கு மாறிவிடும், அது போடும் கழிவு மற்ற எல்லா மீனும் சேர்ந்து போடுவதைவிட அதிகம். பாசிக்கு உரம் போட ஆள் வைத்த மாதிரி. பிறகு இடம் போதாமல் பாவம் பார்த்து ஏரியில் விட்டவர்கள் நிறைய. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் மீன்களுக்கும் மீனவர்களின் வலைகளுக்கும் தொல்லை. தயவுசெய்து வாங்காதீங்க, ஏற்கனவே இருந்தால் ஏரியில் விடாதீங்க. பிஸ்டியா மாதிரிச் செடிகளுக்கும் இது பொருந்தும். மிஞ்சினதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

உதவக்கூடியவை: நெரைட் நத்தை கண்ணாடியை நன்றாக மேயும். அங்கங்கே வெள்ளை முட்டை ஒட்டும், ஆனால் நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகாது. அமானோ இறால் நூல் பாசி தின்னும். ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பயன்படுத்திப் பிரபலமானதால் அந்தப் பெயர். ஓட்டோசின்க்ளஸ் நல்ல மீன், ஆனால் பழகிய தொட்டியில், கூட்டமாகத்தான் விடணும், புதுத் தொட்டியில் விட்டால் பட்டினியில் சாகும். தாமிரம் கலந்த பாசி மருந்துகள் உண்டு. அவை இறாலையும் நத்தையையும் கொல்லும். இரண்டையும் ஒரே தொட்டியில் நினைக்கவே கூடாது.

ஆனால் இவை எல்லாம் துப்புரவு ஆட்கள் மட்டுமே. குழாய் ஒழுகும்போது தரையைத் துடைப்பவர்கள். குழாயை மூடுவது டைமரும் செடியும்தான்.

இப்போது

தொட்டியில் பாசி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஃபில்டர் வாயில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புத் தாடி இருக்கு. பின்பக்கக் கண்ணாடியை நான் சுரண்டுவதே இல்லை, நத்தைக்கு விட்டுவிட்டேன். முன்பக்கம் வாரம் ஒரு தடவை, இரண்டு நிமிஷ வேலை. பாசியே இல்லாத தொட்டி கடை விளம்பரத்தில்தான் இருக்கும்.

பத்து வாரம் அம்மோனியா பூஜ்ஜியத்தில் நின்ற பிறகுதான் மகளிடம் திரும்பவும் நியான் டெட்ரா வாங்கலாமா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "காலைல அஞ்சரைக்கு ஒரு தடவை பாருங்கப்பா, எல்லாம் கீழே இருக்கான்னு" என்றாள். ஒரு வாரம் தினமும் ஐந்தரைக்கு எழுந்து பார்த்து, அவள் நோட்டில் டிக் அடித்தேன். ஏழு டிக். அந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் ஆறு நியான் வாங்கி வந்தோம்.

நோட்டு இன்னும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கு. இப்போது டிக் அடிப்பது அவள்.